மவுனமா இருக்கிறதும் கீழ்ப்படியிறதும்: எங்க பெண்கள் கூட்டத்துல அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன். அப்பா வழியில நாங்க லுத்தரன், ஆற்காடு லுத்தரன் திருச்சபை, அதுக்குத் தலைமையிடமே நம்ம கடலூர்தான். அம்மா புதுச்சேரி ஆர்.சி. குடும்பம், அதனால ரெண்டு கோயில் பழக்கமும் பார்த்து வளர்ந்தவ நான். வாராவாரம் வீட்டுல பத்து பன்னெண்டு பேர் கூடி ஜெபிப்போம், கடைசி பத்து நிமிஷம் யாரும் எதுவும் பேசாம உட்காருவோம், அந்த பத்து நிமிஷத்தை பத்தித்தான் இவ்வளவு கேள்வியும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொன்னதை இங்க சேர்த்து எழுதிட்டேன்.

மவுனம்னா வாயை மூடிட்டு இருக்கிறதுதானே, அதுல என்ன ஜெபம் இருக்கு?

வாயை மூடுறது முதல் படி, அவ்வளவுதான். வீட்டுக்காரர் மேல கோவத்துல ரெண்டு நாள் பேசாம இருக்கோமே, அதுவும் வாயை மூடுறதுதான், ஆனா உள்ள எவ்வளவு சத்தம் ஓடும்னு நமக்கே தெரியும். நான் சொல்ற மவுனம் ஒருத்தர் பேசுறதுக்கு காத்திருக்கிறது. சின்ன பையன் சாமுவேல் ராத்திரி படுத்திருந்தப்ப பேர் சொல்லி கூப்பிட்ட சத்தம் கேட்டு மூணு தடவை ஆசாரியன் ஏலிகிட்ட ஓடுனான், அப்புறம் ஏலி சொல்லிக் குடுத்தபடி "சொல்லும், அடியேன் கேட்கிறேன்"னு படுத்திருந்தான். ஜெபம்னா நாம பேசிட்டே இருக்கணும்னு பழகிட்டோம், இந்த பையன் பேசுனது ஒரே வரி.

எங்க சபையில எல்லாரும் சத்தமா கை தட்டி அழுது ஜெபிப்போம், அது தப்பா அக்கா?

தப்பே இல்லம்மா. கைத்தாளம் தட்டி துதிக்கச் சொல்லி சங்கீதத்துலயே இருக்கு. ஆனா அன்னாளை மறந்துடக்கூடாது. பிள்ளை இல்லாத வேதனையில ஆலயத்துல நின்னு உதடு மட்டும் அசைய மனசுக்குள்ளயே ஜெபிச்சாங்க, ஆசாரியன் ஏலி அதைப் பார்த்துட்டு குடிச்சிருக்கான்னு நினைச்சு திட்டுனாரு. சத்தமில்லாத ஜெபத்தை கோயில்ல இருக்கிற பெரியவரே தப்பா புரிஞ்சுக்கிட்டாரு, கர்த்தர் புரிஞ்சுக்கிட்டாரு, அந்த ஜெபத்துக்கு வந்த பிள்ளைதான் மேல சொன்ன சாமுவேல். உங்க சபையில சத்தமா ஜெபிங்க, வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் பேசாமலும் உட்காருங்க, ரெண்டும் ஒருத்தருக்கே போகுது.

பைபிள்ல மவுனத்துக்கு ஒரே ஒரு இடம் காட்டுங்கன்னா எதை காட்டுவீங்க?

ஓரேப் மலையில தீர்க்கதரிசி எலியா. முதல் ராஜாக்கள் 19. பர்வதத்தை பிளக்கிற காத்து, அதுல கர்த்தர் இல்ல. பூமி அதிர்ச்சி, அதுலயும் இல்ல. அக்கினி, அதுலயும் இல்ல. அதுக்கப்புறம் "அமர்ந்த மெல்லிய சத்தம்".

இதை நான் சின்ன வயசுல இருந்து எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், புரிஞ்சது 2011 டிசம்பர் 30 தானே புயல் அன்னிக்குத்தான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையை கடந்துச்சு, மணிக்கு 120, 140 கிலோமீட்டர் காத்துன்னு சொன்னாங்க, எங்களுக்கு கிலோமீட்டர் எல்லாம் தெரியல, கதவை உள்பக்கமா நானும் மாமியாரும் முதுகு குடுத்து அழுத்திட்டு உட்கார்ந்திருந்தோம், அந்த கதவு மூச்சு விடுற மாதிரி உள்ள வர்றதும் வெளிய போறதுமா இருந்துச்சு. காத்து நின்ன பிறகு வெளிய வந்தா தெருவுல வேப்பமரம் எதுவுமே நிக்கல. பண்ருட்டி பக்கம் முந்திரி, பலா எல்லாம் வேரோட சாஞ்சிருச்சு, முப்பது நாப்பது வருஷத்து மரங்க.

மறுநாள் வருஷ கடைசி ஆராதனை. கரண்ட் இல்ல, மைக் இல்ல, கீபோர்டு இல்ல. மெழுகுவத்தி வெளிச்சத்துல ஆயர் சாதாரண குரல்ல வாசிச்சாரு, பின் வரிசைக்கு கேக்கணும்னு அத்தனை பேரும் மூச்சை அடக்கிட்டு இருந்தோம், ஒரு குழந்தை கூட அழல. இத்தனை வருஷத்துல அந்த கோயில்ல வேத வசனத்தை நாங்க எல்லாரும் ஒண்ணா சேர்ந்து கேட்டது அன்னிக்குத்தான்னு எனக்கு தோணும். காத்துல அவர் இல்லைங்கிற வரியை அனுபவிச்சு படிக்கிற ஊரு நம்ம ஊரு.

இன்னொண்ணும் கவனிங்க. அந்த மெல்லிய சத்தம் எலியாவுக்கு ஆறுதல் சொல்லிட்டு விட்டுடல. "இங்கே உனக்கு என்ன காரியம்"னு கேட்டுச்சு, வந்த வழியே திரும்பிப் போய் செய்ய வேண்டிய வேலையை சொல்லி அனுப்புச்சு.

மவுனத்தை பத்தி பேச ஆரம்பிச்சா உடனே கீழ்ப்படிதலுக்கு போயிடுறீங்களே, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நம்ம பேச்சுலயே பதில் இருக்கு. பிள்ளையை "சொன்னா கேக்க மாட்டியா"ன்னு திட்டுறோமே, அவனுக்கு காது கேக்கலன்னா சொல்றோம்? சொன்னபடி செய்யலன்னு அர்த்தம். "எம் பொண்ணு சொல் பேச்சு கேக்கும்"னா கீழ்ப்படியும்னு அர்த்தம். காதால கேக்குறது, சொன்னபடி நடக்குறது ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே சொல்லு. எபிரேயத்துல ஷேமாங்கிற சொல்லும் இதே மாதிரிதான். ஆறாம் நூற்றாண்டுல பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதுன ஒழுங்கு தொடங்குறதே "கேள்"ங்கிற சொல்லோட, அதுல கீழ்ப்படிதலுக்கு ஒரு அதிகாரம் இருக்கு, அதை அடுத்த அதிகாரமே மவுனத்தை பத்தி.

இதுக்கு ஆள் வேணும்னா யோசேப்பை பாருங்க. மரியாளோட புருஷன். நாலு சுவிசேஷத்தையும் தேடிப் பாருங்க, அவரு வாயில இருந்து ஒரு வார்த்தை கூட எழுதப்படல. கனவுல தூதன் சொல்றான், இவர் எழுந்து செய்றாரு. மரியாளை சேர்த்துக்கோன்னா சேர்த்துக்கிட்டாரு. பிள்ளையையும் தாயையும் கூட்டிட்டு எகிப்துக்கு போன்னா அந்த ராத்திரியே எழுந்து கிளம்பிட்டாரு, காலையில போறேன்னு கூட சொல்லல. திரும்பி வான்னா வந்தாரு. "நான் போறேன் ஐயா"ன்னு சொல்லிட்டு போகாத மகனோட உவமையை பக்கத்துல வெச்சு படிச்சா இந்த மனுஷனோட அருமை தெரியும்.

இதுல நம்ம மாவட்டத்துக்கு ஒரு பெருமை இருக்கு, இதை சொல்லாம என்னால இருக்க முடியாது. விருத்தாசலம் பக்கம் கோனான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் தெரியும்ல, அதுக்கும் வீரமாமுனிவருக்கும் இருக்கிற தொடர்பு எல்லாருக்கும் தெரியும். இத்தாலியில பிறந்து வந்து தமிழ் படிச்ச அந்த மனுஷர் காப்பியம் பாட உட்கார்ந்தப்ப யாரை நாயகனா எடுத்தாரு? ஒரு வார்த்தையும் பேசாத இந்த யோசேப்பை. வளன்னு தமிழ்ப் பேரு வெச்சு 3615 பாட்டு, அதுதான் தேம்பாவணி. வளனரசுன்னு பிள்ளைக்கு பேர் வைக்கிற வீடு புதுச்சேரியில இன்னைக்கும் நிறைய. பேசாத ஒருத்தருக்கு தமிழ் இவ்வளவு இடம் குடுத்திருக்கு.

மவுனமா உட்கார்ந்தப்ப ஒண்ணு தோணுது, அது கர்த்தர் சொல்றதா என் மனசு சொல்றதான்னு எப்படி தெரியும்?

கஷ்டமான கேள்வி, இதுக்கு என் சொந்த விஷயத்தை சொல்லித்தான் பதில் சொல்ல முடியும்.

எனக்கும் எங்க அண்ணனுக்கும் அப்பா வீட்டு பாகத்துல தகராறு வந்து கோர்ட்டு வரைக்கும் போச்சு, நாலு வருஷம் முகம் பார்க்கல, அம்மா சாவுக்கு கூட ஆளுக்கொரு பக்கமா நின்னோம். அதுக்கு அடுத்த தவக்காலத்துல தினம் காலையில பின்கட்டு படியில பத்து நிமிஷம் பேசாம உட்காருறதுன்னு தீர்மானம் பண்ணேன். ரெண்டாவது நாளே "அண்ணனை போய் பாரு"ன்னு உள்ள வந்துச்சு. சத்தம் எதுவும் கேக்கல, வெளிச்சம் வரல, வசனம் கூட வரல, வெறும் அந்த மூணு வார்த்தை. தப்பு பண்ணது அவர், அவர் வரட்டும்னு நான் வாதாடுனேன். மறுநாளும் அதே. அடுத்த வாரமும் அதே. நான் விதவிதமா காரணம் சொல்ல சொல்ல அது மட்டும் மாறல, கோவப்படவும் இல்ல, கூட ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்ல.

மூணு வாரம் இழுத்தடிச்சுட்டு ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுல சீசனோட முதல் பலாப்பழம் ஒண்ணு வாங்கிட்டு நெல்லிக்குப்பம் பஸ் ஏறுனேன். அண்ணிதான் கதவை திறந்தாங்க, ஒண்ணும் சொல்லல, பழத்தை வாங்கிட்டாங்க. அண்ணன் வந்து திண்ணையில சாக்கு விரிச்சு, கையிலயும் கத்தியிலயும் நல்லெண்ணெய் தடவிக்கிட்டு, அப்பா செய்ற மாதிரியே நடுத்தண்டை எடுத்துட்டு சுளை பிரிக்க ஆரம்பிச்சாரு. முதல் சுளையை கொட்டை எடுத்து எங்கிட்ட நீட்டுனாரு. கேஸை பத்தி ரெண்டு பேரும் பேசல. முக்கா மணி நேரம் இருந்துட்டு அடுத்த பஸ்ல வந்துட்டேன். கேஸ் இன்னைக்கும் நடந்துட்டுத்தான் இருக்கு, அதை மறைக்க விரும்பல.

இதுல இருந்து நான் கத்துக்கிட்டது இவ்வளவு. உள்ள வர்ற வார்த்தை மத்தவங்களை திருத்தச் சொன்னா நான் சந்தேகப்படுவேன், என்னை எழுந்து ஏதாவது செய்யச் சொன்னா கவனிப்பேன். வேதத்துக்கு விரோதமா இருந்தா அங்கேயே விட்டுடுவேன். அவசரப்படுத்துனா, பயமுறுத்துனா அது அவர் குரல் இல்ல. நாள் கடந்தும் அதே மாதிரி நிதானமா நிக்குதான்னு பார்ப்பேன். பெரிய முடிவு, அதாவது கல்யாணம், வேலையை விடுறது, வீடு விக்கிறது மாதிரின்னா என்னை நல்லா தெரிஞ்ச விசுவாசி ஒருத்தர்கிட்ட வாய் விட்டு சொல்லிப் பார்ப்பேன், சொல்லும்போதே பாதி தெளிஞ்சுடும்.

அநியாயம் நடந்தாலும் கீழ்ப்படிஞ்சு மவுனமா இருக்கணுமா? "சிலுவையை சுமந்துக்கோம்மா"ன்னுதானே சொல்றாங்க?

இல்ல. இதுல எனக்கு ரெண்டு மனசே கிடையாது. அடிக்கிற புருஷன்கிட்ட, தப்பா தொடுற ஆள்கிட்ட, காணிக்கை பணத்தை சுருட்டுறவங்ககிட்ட காட்டுற மவுனத்துக்கு கிறிஸ்துவோட பேரை வைக்கக்கூடாது.

இயேசு ஏரோது முன்னாடி ஒரு பதிலும் சொல்லல, அது வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டவனுக்கு குடுத்த மவுனம். ஆனா பிரதான ஆசாரியன் முன்னாடி சேவகன் கன்னத்துல அறைஞ்சப்ப சும்மா இருந்தாரா? நான் தப்பா பேசியிருந்தா அதை நிரூபி, சரியா பேசியிருந்தா என்னை ஏன் அடிக்கிறேன்னு கேட்டாரு, யோவான் 18:23. அவரே "ஏன் அடிக்கிற"ன்னு கேட்டிருக்காரு, நம்ம பொண்ணுங்க கேக்கக்கூடாதா? ஊமையனுக்காகவும் திக்கற்றவங்களுக்காகவும் வாயைத் திறன்னு நீதிமொழிகள் 31:8 சொல்லுது. அப்போஸ்தலர் 5:29ல பேதுரு பெரிய சங்கத்து முன்னாடி நின்னு, மனுஷருக்கு கீழ்ப்படியிறதை விட தேவனுக்கு கீழ்ப்படியிறதுதான் அவசியம்னு சொன்னாரு.

எங்க கூட்டத்துக்கு வந்த ஒரு தங்கச்சி முழங்கைக்கு மேல தழும்பை முந்தானையால மூடிக்கிட்டே வந்தா, ஏதோ ஒரு சபையில பெரியவர் ஒருத்தர் "அமைதியா இரு, அவன் மாறுவான்"னு ஆறு வருஷம் சொல்லி அனுப்பியிருக்காரு. நாங்க 181க்கு ஃபோன் போட்டோம். பெண்களுக்கான உதவி எண் அது, குழந்தைங்கன்னா 1098. இதை எழுதி வெச்சுக்கோங்க. அவளுக்கு அன்னிக்கு கீழ்ப்படிதல்னா ஃபோனை எடுக்கிறதுதான். "இதை வெளிய சொல்லாத, சபை பேர் கெட்டுடும்"னு யார் சொன்னாலும், அங்கி போட்டவரே சொன்னாலும், கேக்க வேண்டாம்.

சபையில பொம்பளைங்க பேசக்கூடாதுன்னு பவுலே எழுதியிருக்காரே?

அந்த அதிகாரத்தை முழுசா படிங்க. 1 கொரிந்தியர் 14ல மூணு பேரை பேசாம இருக்கச் சொல்றாரு, அர்த்தம் சொல்ல ஆள் இல்லாதப்ப அந்நியபாஷை பேசுறவன், இன்னொருத்தனுக்கு வெளிப்பாடு வந்தப்ப முன்னாடி பேசிட்டிருந்தவன், அப்புறம்தான் ஸ்திரீகள். முதல் ரெண்டு பேரை யாரும் ஞாபகம் வெச்சுக்கல. அதே நிருபம் 11:5ல பொம்பளைங்க ஜெபம் பண்றதையும் தீர்க்கதரிசனம் சொல்றதையும் பத்தி சாதாரணமா பேசுறாரு, அப்போ வாயே திறக்கக்கூடாதுன்னு எப்படி இருக்கும். கூட்டம் குழம்பாம ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் பேசணும்ங்கிறதுதான் அங்க விஷயம்னு நான் நினைக்கிறேன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் மகதலேனா மரியாளைத்தான் போய் சொல்லுன்னு அனுப்புனாரு, அவங்க பேசாம இருந்திருந்தா?

இது இந்துக்கள் தியானம் மாதிரி இருக்கே, "சும்மா இரு"ன்னு அவங்களும்தானே சொல்றாங்க?

சொல்றாங்க, அழகாவும் சொல்லியிருக்காங்க, நம்ம மண்ணுல அந்த ஆசை எல்லாருக்கும் இருக்கு, அதுக்காக நாம பயப்பட வேண்டாம். நம்ம வேதத்துலயும் அதே சொல்லுதான். முன்னாடி செங்கடல், பின்னாடி பார்வோன் சேனை, மோசே சொல்றாரு: "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார்; நீங்கள் சும்மாயிருப்பீர்கள்." யாத்திராகமம் 14:14. பல வீட்டு சுவத்துல இந்த வசனம் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கு. ஆனா அடுத்த வசனத்தை யாரும் மாட்டுறதில்ல. 15ல கர்த்தர் மோசேயை பார்த்து, எங்கிட்ட ஏன் முறையிடுற, "புறப்பட்டுப் போங்கள்"னு ஜனங்ககிட்ட சொல்லுன்றாரு. தண்ணி இன்னும் பிளக்கல, அப்பவே புறப்படச் சொல்றாரு. சும்மா இருக்கிறதும் புறப்படுறதும் பக்கத்து பக்கத்து வசனம், ரெண்டையும் சேர்த்து மாட்டுங்க.

வீட்டுல டிவி, மிக்ஸி, பிள்ளைங்க சண்டை. எங்க போய் மவுனமா இருக்கிறது?

அதிகாலை. இயேசுவே இருட்டோட எழுந்து வனாந்தரமான இடத்துக்கு போனாருன்னு மாற்கு 1:35 சொல்லுது, பகல்ல அவருக்கும் கூட்டம்தான். பால் பாக்கெட் வர்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் போதும், ஃபோனை வேற ரூம்ல வெச்சுட்டு வாங்க, டைமருக்காக கூட பக்கத்துல வேண்டாம். ஒரு வசனம் மெதுவா படிங்க, மூடி வெச்சுடுங்க, உட்காருங்க. எண்ணம் ஓடுதுன்னா ஓடட்டும், இட்லி மாவு ஞாபகம் வந்தா "ஆண்டவரே"ன்னு ஒரே வார்த்தையில திரும்பி வாங்க, நூறு தடவை ஓடுனா நூறு தடவை திரும்பி வாங்க. தூக்கம் வந்தா தூங்குங்க, உடம்பு அசந்திருக்கு.

வெளிய போக முடிஞ்சவங்க வெயிலுக்கு முன்னாடி தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு போகலாம். புதுச்சேரியில ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து தூய இருதய ஆண்டவர் பசிலிக்கா, கூட்டம் இல்லாத நேரமா பார்த்து போங்க, வெளிய ரோட்டுல ஹாரன் காதை பிளக்கும், உள்ள போய் கடைசி பெஞ்சுல உட்கார்ந்தா கலர் கண்ணாடி வெளிச்சம் தரையில நகர்றதை பார்த்துட்டே இருக்கலாம். நான் லுத்தரன், எனக்கு அங்க போக கூச்சம் இருந்ததே இல்ல, அம்மா கையை பிடிச்சு போன இடம்.

துக்க வீட்டுக்கு போனா என்ன வசனம் சொல்றது?

வசனம் வேண்டாம், முதல்ல போய் உட்காருங்க. யோபுவோட மூணு சிநேகிதர்களும் ஏழு நாள் ராப்பகலா தரையில அவர் கூட பேசாம உட்கார்ந்தாங்க, அது வரைக்கும் அவங்க செஞ்சது சரி, வாயை திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுச்சு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை, சுனாமி வந்தப்ப தேவனாம்பட்டினத்துல பிள்ளையை பறிகுடுத்தவங்க கிட்ட போய் "கர்த்தர் சித்தம்"னு சொன்னவங்களை நான் பார்த்தேன், அந்த தாய் முகத்தை திருப்பிக்கிட்டதையும் பார்த்தேன். எங்க சபை பாட்டி ஒருத்தங்க ஒண்ணும் சொல்லாம காலை நீட்டி உட்கார்ந்து, சேறு அப்பிக் கிடந்த அந்த வீட்டு சட்டி பானையை ஒவ்வொண்ணா தேய்ச்சு கவுத்து வெச்சாங்க. சாயந்திரம் வரைக்கும் தேய்ச்சாங்க. அந்த அம்மா பின்னாடி பல வருஷம் கழிச்சும் பாட்டியைத்தான் விசாரிப்பாங்க.

நான் எவ்வளவோ காத்திருந்தும் கர்த்தர் பேசவே இல்லையே?

இதுக்கு சுலபமா பதில் சொல்ல எனக்கு மனசு வரல. "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு கேட்டவருக்கும் அந்த நேரத்துல வானத்துல இருந்து பதில் வரல.

அம்மா சொல்லுவாங்க, புதுச்சேரியில சின்ன வயசுல பெரிய வியாழக்கிழமை பூசையில வானவர் கீதம் பாடும்போது மணி எல்லாம் ஒண்ணா அடிக்கும், அதோட சரி, பாஸ்கா ராத்திரி வரைக்கும் மணி சத்தமே கிடையாது, மணிக்கு பதிலா மரக்கட்டையைத்தான் தட்டுவாங்களாம். பெரிய வெள்ளி வழிபாட்டுல சாமியார் வந்து ஒண்ணும் பேசாம பீடத்து முன்னாடி குப்புற விழுந்து கிடப்பாரு, கோயில் மொத்தமும் முழங்கால்ல இருக்கும். சனிக்கிழமை பகல் அதை விட வெறுமை, பூசை இல்ல, பீடத்துல துணி இல்ல. "அந்த சனிக்கிழமை மாதிரி நாள் வாழ்க்கையில நிறைய வரும், அன்னிக்கும் அடுப்பு பத்த வைக்கணும், பிள்ளைக்கு தலை வாரணும்"னு அம்மா சொல்லுவாங்க. கானானிய ஸ்திரீ கெஞ்சுனப்ப இயேசு முதல்ல ஒரு வார்த்தையும் சொல்லல, அவங்க இடத்தை விட்டு போகல. போகாதீங்க, அவ்வளவுதான் நான் கேக்குறது. கடைசியா தெளிவா என்ன செய்யச் சொன்னாரோ அதை செஞ்சுட்டே இருங்க.

எத்தனை நாள்ல பலன் தெரியும்?

எனக்கு கணக்கு சொல்லத் தெரியல. அண்ணன் வீட்டுக்கு போயிட்டு வந்த பிறகு ஏழு மாசம் அவர் பக்கத்துல இருந்து ஒரு ஃபோன் கூட வரல. அக்டோபர் கடைசியில, கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ராத்திரி ஒன்பது மணிக்கு வந்துச்சு. எப்படி இருக்கேன்னு கேக்கல. "அம்மா கல்லறைக்கு வெள்ளை அடிச்சாச்சா?"ன்னு கேட்டாரு. இல்லண்ணான்னேன். "நாளைக்கு சுண்ணாம்பு வாங்கிட்டு காலையில வரேன், நீ பழைய துடைப்பம் ஒண்ணு எடுத்துட்டு வா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு.